ஆன் ஆர்பரில் ஊர்க்காரர் வீட்டில் விருந்தாளியாகத் தங்க: முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் விமான நிலையத்துக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கிறது ஆன் ஆர்பர். 2020 கணக்கெடுப்பின்படி ஊரின் மக்கள்தொகை 1,23,851. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மாணவர்களோ 50,000-க்கும் மேல். ஊர் எப்போது நிரம்பும், எப்போது காலியாகும், வாடகை எப்போது ஏறும், ஊர்க்காரர்களுக்கு எப்போது விருந்தாளியைக் கவனிக்க நேரமிருக்கும் என்பதையெல்லாம் பல்கலைக்கழகத்தின் நாட்காட்டிதான் முடிவு செய்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே ஒரு வீட்டில் இரண்டு மூன்று நாள் தங்க நினைப்பவர் விமானச் சீட்டு வாங்குவதற்கு முன்பே அந்த நாட்காட்டியைப் பார்த்துவிட வேண்டும்.

முதல் படி: தேதியைத் தேர்ந்தெடுப்பது

செப்டம்பர் தொடங்கி நவம்பர் கடைசி வரை அமெரிக்கக் கால்பந்துப் பருவம். 1,07,601 பேர் அமரும் மிச்சிகன் ஸ்டேடியம் இங்கேதான் இருக்கிறது. ஊரே அதைப் 'பெரிய வீடு' என்று அழைக்கிறது. சொந்த மைதானத்தில் ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைகளில் ஊரின் மக்கள்தொகை கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிடும். ஹோட்டல் அறை கிடைக்காது, சாலை நகராது, பழைய மாணவர்களான உறவினர்கள் வந்து வீட்டுக்காரரின் சோபாவை நிரப்பிவிடுவார்கள். அந்த வார இறுதியில் இடம் கேட்டால் மறுப்பே வரும். ஆட்ட அட்டவணை பல மாதங்களுக்கு முன்பே வெளியாகிவிடும் என்பதால் அதைப் பார்த்து இடையில் வரும் வாரநாட்களைத் தேர்ந்தெடுங்கள்.

தவிர்க்க வேண்டிய நாட்கள் இன்னும் சில உண்டு. ஏப்ரல் கடைசியில் தேர்வும் அதைத் தொட்டாற்போல் பட்டமளிப்பும். ஜூலையில் ஊரின் கலைச் சந்தை. ஆகஸ்ட் கடைசியில் ஒரு விசித்திரமான வாரம்: மாணவர் வீடுகளின் பழைய ஒப்பந்தம் முடிந்துவிடும், புதியது தொடங்கச் சில நாள் பாக்கி இருக்கும். அந்த இடைவெளியில் மாணவர்களே பெட்டி படுக்கையோடு நண்பர் வீட்டுத் தரையில் படுத்திருப்பார்கள். அவர்களிடம் போய் இடம் கேட்பது அவர்களைச் சங்கடப்படுத்துவதாகும்.

நல்ல காலம் மே நடுவிலிருந்து ஜூன் முடிய. மாணவர் கூட்டம் போயிருக்கும், ஊர்க்காரர்களுக்கு மூச்சு விட நேரம் கிடைத்திருக்கும். நிக்கல்ஸ் மரத்தோட்டத்தில் பியோனி மலர்கள் பூப்பதும் மே கடைசி, ஜூன் தொடக்கத்தில்தான். ஜூன் பிற்பகுதியில் இரவு 9 மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் மாலை 5 மணிக்கே இருட்டிவிடும், நடைபாதையில் பனி உறைந்து வழுக்கும். குளிர்காலத்தில் வருவதானால் அடிப்பக்கம் பிடிப்புள்ள, தண்ணீர் புகாத காலணி கட்டாயம்.

இரண்டாம் படி: வீட்டைத் தேடுவது

பயணிகளையும் அவர்களை வீட்டில் தங்கவைக்க விரும்பும் ஊர்க்காரர்களையும் இணைக்கும் விருந்தோம்பல் வலையமைப்புகள் பல இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு சுபாவம். கவுச்ஸர்ஃபிங்கில்தான் ஆட்கள் அதிகம். 2020 முதல் பல நாடுகளில் கட்டணம் வாங்குகிறார்கள். பிவெல்கம், டிரஸ்ட்ரூட்ஸ் இரண்டும் இலவசம், ஆனால் ஆட்கள் குறைவு. வார்ம்ஷவர்ஸ் சைக்கிளில் நெடும்பயணம் போகிறவர்களுக்கு மட்டுமே உரியது. சைக்கிள் இல்லாமல் அதில் இடம் கேட்பது முறையல்ல.

1949-ல் டென்மார்க்கில் சமாதான இயக்கமாகத் தொடங்கிய செர்வாஸ் வேறு மாதிரி. உங்கள் நாட்டுக் கிளையில் நேர்காணல் முடித்து அறிமுகக் கடிதம் பெற்றால்தான் வீட்டுக்காரர்களைத் தொடர்புகொள்ள முடியும். வழக்கமாக இரண்டு இரவு. அதில் இருக்கும் வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் நடுவயதைக் கடந்தவர்கள், உட்கார்ந்து பேச ஆசைப்படுகிறவர்கள். குடும்பமாகப் போகிறவர்களுக்கும் தனியாகப் போகும் பெண்களுக்கும் நாங்கள் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். நேர்காணலுக்கு நாளாகும் என்பதால் பயணத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள்.

வீட்டுக்காரரைப் பற்றி மற்ற விருந்தாளிகள் எழுதியிருப்பதை முழுக்கப் படியுங்கள். எத்தனை பேர் பாராட்டினார்கள் என்பதைவிட யார் எழுதினார்கள் என்பதே முக்கியம். இருபது குறிப்பும் இளம்பெண்களுடையதாகவே இருந்தால், அந்த வீட்டுக்காரர் ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார் என்று பொருள். அந்த வீடு வேண்டாம். முன்பணம் கேட்பவர், தங்குமிடத்துக்குப் பதிலாக வேலை கேட்பவர் இருவரையும் அங்கேயே விட்டுவிடுங்கள். கிளம்புவதற்கு முன் பத்து நிமிடம் வீடியோவில் பேசிவிடுங்கள்.

மாணவர் வீடு என்றால் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள்: கூட இருப்பவர்கள் எல்லோரும் சம்மதித்தார்களா? வாடகை ஒப்பந்தத்தில் விருந்தாளிக்கு வரம்பு உண்டா? ஒருவர் உற்சாகமாக வரச் சொல்லியிருப்பார், மற்ற நால்வருக்கும் விஷயமே தெரிந்திருக்காது. பிறகு குளியலறை வாசலில் முகம் தெரியாதவர் நிற்பதைப் பார்த்து வீட்டுக்குள் சண்டை வரும்.

ஒரு மாதம் இரண்டு மாதம் தங்குவதானால் விருந்தாளியாகப் போக நினைக்காதீர்கள். பன்னிரண்டு மாத ஒப்பந்தத்தில் இருக்கும் மாணவர்கள் மே மாதத்தில் ஊரைவிட்டுப் போகும்போது, ஆகஸ்ட் வரை அறையை உள்வாடகைக்கு விட அலைவார்கள். முழு வாடகையைவிடக் குறைவாகவே கிடைக்கும். வீட்டு உரிமையாளர் எழுத்தில் சம்மதம் தந்திருக்கிறாரா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

மூன்றாம் படி: இடம் கேட்டு எழுதுவது

இரண்டு மூன்று வாரம் முன்பு எழுதுங்கள், பதினைந்து வரிக்குள் முடியுங்கள். முதல் வரியில் தேதி, எத்தனை இரவு, எத்தனை பேர் என்பது இருக்கட்டும். அடுத்து, அவருடைய பக்கத்தைப் படித்தவர் மட்டுமே எழுதக்கூடிய ஒரு வரி. பிறகு என்ன சாப்பிடுவீர்கள், பூனை நாய் ஒத்துக்கொள்ளுமா, எத்தனை மணிக்கு எந்த வண்டியில் வருகிறீர்கள். கடைசியில், இடம் இல்லை என்றாலும் பரவாயில்லை, ஒரு காபி குடிக்கச் சந்திக்கலாமா என்று கேளுங்கள். தங்க இடம் தர முடியாதவர்களும் இதற்குச் சம்மதிப்பதுண்டு.

சைவம் என்று மட்டும் சொன்னால் போதாது. மீன் சாப்பிடுவீர்களா, கோழி எலும்பு ரசத்தில் வெந்த சோறு ஆகுமா என்ற ஐயம் அவர்களுக்கு வரும். சில சமயம் ஐயமே வராமல் சமைத்தும் வைத்துவிடுவார்கள். 'இறைச்சி, மீன், முட்டை, இறைச்சி வேகவைத்த நீர் எதுவும் சேர்ப்பதில்லை. பால், தயிர், சீஸ் சாப்பிடுவேன்' என்று பொருள் பொருளாக எழுதுங்கள்.

ஒருவர் சரி என்றதும் மற்றவர்களுக்கு அன்றைக்கே நன்றி சொல்லி விலகிவிடுங்கள். கூடவே, விடுதி ஒன்றின் பெயரையும் விலையையும் குறித்து வையுங்கள். வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் வந்தால் உங்களுக்குப் போக்கிடம் வேண்டும்.

நான்காம் படி: விசாவும் குடியேற்ற அதிகாரியும்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்களுக்குச் சுற்றுலா விசா தேவை. விண்ணப்பத்தில் தங்கும் முகவரி கேட்பார்கள். வீட்டுக்காரரின் முகவரியைக் கொடுப்பதற்கு முன் அவரிடம் அனுமதி வாங்குங்கள்.

விமான நிலையத்தில் 'எங்கே தங்குகிறீர்கள், அவரை எப்படித் தெரியும்' என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்: இன்ன வலையமைப்பு மூலம் அறிமுகம், இத்தனை இரவு, பிறகு இன்ன ஊர். அவர் அனுப்பிய மின்னஞ்சலைத் தாளில் அச்சிட்டுக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நண்பர் என்று சொல்லிவிட்டு அவருடைய முழுப்பெயர் தெரியாமல் விழிப்பதுதான் ஐயத்தைக் கிளப்பும்.

குழந்தையைப் பார்த்துக்கொள்வேன், வீட்டைச் சுத்தம் செய்வேன், அதற்குப் பதில் தங்க இடம் என்ற ஏற்பாடு சுற்றுலா விசாவில் அனுமதியில்லாத வேலை. சம்பளம் கைமாறவில்லை என்றாலும் அப்படித்தான். சாப்பிட்ட தட்டைக் கழுவுவது வேறு, ஏற்பாடு செய்துகொண்டு உழைப்பது வேறு. எத்தனை நாள் தங்கலாம் என்பதை விசாவில் அச்சிட்ட தேதி தீர்மானிக்காது. நுழையும்போது பதிவாகும் ஐ-94 என்னும் வருகைப் பதிவிலுள்ள தேதிதான் தீர்மானிக்கும். அதை இணையத்தில் எடுத்துச் சரிபார்த்து வையுங்கள்.

டெட்ராய்ட் ஆற்றுக்கு அக்கரையில் கனடா. 'வாருங்கள், மதியம் விண்ட்சரில் சாப்பிட்டு வரலாம்' என்று வீட்டுக்காரர் அன்போடு அழைப்பார். அவருக்கு அது பக்கத்து ஊர். உங்களுக்கோ தனி கனடா விசா வேண்டும், திரும்பி வர அமெரிக்க விசாவும் பலமுறை நுழையக்கூடியதாக இருந்தால்தான் சிக்கலில்லை. இரண்டும் இல்லாமல் பாலத்தில் ஏறிவிடாதீர்கள்.

கஞ்சா விஷயமும் அப்படியே. மிச்சிகனில் 21 வயதானவருக்கு 2018 முதல் அது சட்டப்படி சரி. கடைகள் வெளிப்படையாக இருக்கும். ஆனால் நாட்டின் மையச் சட்டப்படி இன்னும் குற்றம், குடியேற்றத் துறை பார்ப்பது மையச் சட்டத்தை. வெளிநாட்டவர் தொடாமல் இருப்பதே பாதுகாப்பு.

ஐந்தாம் படி: பெட்டியில் என்ன

அன்பளிப்பு சிறியதாக, ஊர் மணத்தோடு இருக்கட்டும்: வறுத்து அரைத்த காபித்தூள் 200 கிராம், கைத்தறித் துண்டு, மூடி முத்திரையிட்ட கடலைமிட்டாய் (அந்த வீட்டில் வேர்க்கடலை ஒவ்வாமை இல்லை என்று கேட்டுத் தெரிந்த பிறகு). விலையுயர்ந்த பரிசு அவர்களைக் கூச்சப்படுத்தும்.

பச்சைக் கறிவேப்பிலையைக் கொண்டுபோக முடியாது. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் வாழ்வதால் தடை. இந்தியாவிலிருந்து அரிசியும் கூடாது, பழம், இறைச்சி, விதை எதுவும் வேண்டாம். சாப்பிடும் பொருள் எதுவாக இருந்தாலும் சுங்கத்தில் 'இருக்கிறது' என்று சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டால் தடையுள்ளதை எடுத்துவைத்துக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். மறைத்துப் பிடிபட்டால் அபராதம்.

அங்கே மின்சாரம் 120 வோல்ட், தட்டையான இரண்டு கம்பிச் செருகி. செல்பேசி, மடிக்கணினி சார்ஜர்கள் மாற்றுச் செருகி இருந்தால் போதும், ஓடும். நம்மூர் மிக்ஸி, முடி உலர்த்தி ஓடாது. பயணக் காப்பீடு எடுக்காமல் கிளம்பாதீர்கள். அங்கே அவசர சிகிச்சைப் பிரிவில் ஒருமுறை நுழைந்தால் ஆகும் செலவு மொத்தப் பயணச் செலவையும் தாண்டிவிடலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 911. சாதாரணக் காய்ச்சல், வெட்டுக்காயம் என்றால் 'அர்ஜென்ட் கேர்' எனப்படும் சிறு மருத்துவமனைக்குப் போங்கள்.

ஆறாம் படி: வந்து சேர்வது

விமான நிலையத்திலிருந்து மிச்சிகன் ஃப்ளையர் பேருந்து ஊர் நடுவிலுள்ள பிளேக் பேருந்து நிலையத்துக்கு வருகிறது. டெட்ராய்ட் நகரத்திலிருந்து டி2ஏ2 பேருந்து. சிகாகோவிலிருந்து ஆம்ட்ராக்கின் வுல்வரின் ரயிலில் நாலரை மணி நேரம், தாமதமானால் ஐந்தரையும் ஆகும். வண்டி ஏறியதும் ஒரு செய்தி, தாமதமானால் ஒரு செய்தி. இது அவர்களுக்கு மிக முக்கியம். உங்களுக்காகச் சமையலையும் நாய் நடையையும் மாற்றி வைத்திருப்பார்கள்.

பிளேக் நிலையத்துக்கு எதிரிலேயே, ஃபிஃப்த் அவென்யூவில் ஊர்ப் பொது நூலகம். முதல் சந்திப்பை அங்கே வைத்துக்கொள்ளலாம். உள்ளே வெதுவெதுப்பு, கழிப்பறை, இலவச வைஃபை, சுற்றிலும் மனிதர்கள். மனதுக்குச் சரிப்படவில்லை என்றால் அங்கிருந்தே விடுதிக்குப் போய்விடலாம்.

ஊர்ப் பேருந்துக்கு ஒன்றரை டாலர். ஞாயிறும் பின்னிரவும் வண்டி குறைவு. பல்கலைக்கழகத்தின் நீலப் பேருந்தில் யாரும் காசில்லாமல் ஏறலாம்.

ஏழாம் படி: வீட்டுக்குள்

நம் வீட்டில் 'சாப்பிடுறீங்களா' என்று கேட்டால் முதல் முறை வேண்டாம் என்போம், இரண்டாம் முறை பரவாயில்லை என்போம், மூன்றாம் முறை இலையில் விழுந்துவிடும். அங்கே ஒரு முறைதான் கேட்பார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எடுத்துக்கொண்டு உணவை ஃபிரிட்ஜில் வைத்துவிடுவார்கள். அன்பு இல்லாமல் இல்லை, உங்கள் சொல்லை மதிக்கிறார்கள். பசித்தால் முதல் கேள்விக்கே 'ஆமாம், கொடுங்கள்' என்று சொல்லுங்கள். மாலை ஆறு, ஆறரைக்கே இரவுச் சாப்பாடு முடிந்துவிடும் வீடுகள் அதிகம் என்பதால், அன்று கூச்சப்பட்டால் காலை வரை பட்டினிதான்.

'ஃபிரிட்ஜில் இருப்பதை எடுத்துச் சாப்பிடுங்கள்' என்றால் உண்மையிலேயே எடுக்கலாம். மாணவர் வீட்டில் மட்டும் எந்த அடுக்கு யாருடையது என்று கேட்டுக்கொள்ளுங்கள். வயதில் மூத்த பேராசிரியரானாலும் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்வார்கள். நாக்கு கூசினாலும் அப்படியே கூப்பிடுங்கள். 'ஆன்ட்டி' என்றால் முகம் மாறும்.

முதல் அரைமணியில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை: செருப்பு எங்கே விடுவது, வைஃபை கடவுச்சொல், சாவி உண்டா, காலையில் எத்தனை மணிக்கு நான் வெளியே போனால் உங்களுக்கு வசதி, குளிக்க எந்த நேரம், குப்பையில் எது எந்தத் தொட்டி. கடைசி நாள் வரை யோசித்துக்கொண்டிருப்பதைவிட முதலிலேயே கேட்பதை அவர்கள் விரும்புவார்கள்.

குளியலறையில்தான் நம்மவர்கள் அதிகம் தவறுகிறோம். தரை காய்ந்தே இருக்க வேண்டும். தரையில் நீர் போகத் துளை கிடையாது, கீழே மரப்பலகை. சிந்திய நீர் இடுக்கில் இறங்கிக் கீழ்த்தளத்துக் கூரையில் பழுப்பு வட்டமாகத் தெரியும். குளிக்கும் தொட்டிக்கு வெளித்திரை, உள்திரை என இரண்டு இருந்தால், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் திரையின் அடிப்பகுதியைத் தொட்டிக்கு உள்ளே விட்டுவிட்டுப் பிறகு நீரைத் திறங்கள். இரண்டு முனையும் சுவரில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். குளித்து முடித்ததும் தொட்டிக்குள்ளேயே நின்று துவட்டிக்கொண்டு, வெளியிலுள்ள துணி விரிப்பில் கால் வையுங்கள். எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டாம். தொட்டி வழுக்கும், குழாய் அடைக்கும். கழுவ நீர் வேண்டுமென்றால் சிறு பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுபோய்க் கழிப்பிடத்தின் மேலேயே பயன்படுத்தித் தாளால் துடைத்து, அதை அதிலேயே போட்டு நீர் விடுங்கள்.

வெந்நீர் ஒரு தொட்டியில் சேர்ந்திருப்பது, பெரும்பாலும் 150 முதல் 190 லிட்டர். மேலிருந்து கொட்டும் குழாயில் நிமிடத்துக்கு ஒன்பது லிட்டர் வரை போகும். இருவர் அடுத்தடுத்துக் கால்மணி நேரம் நின்றால் மூன்றாமவருக்கு வெதுவெதுப்புகூட மிஞ்சாது. ஏழு நிமிடத்தில் முடியுங்கள்.

எட்டாம் படி: ஒரு வேளைச் சாப்பாட்டை நீங்கள் சமைப்பது

எந்தப் பரிசையும்விட இது மதிக்கப்படும். முதல்நாளே கேட்டு ஒரு மாலையைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள், வேர்க்கடலை ஒவ்வாமை யாருக்காவது உண்டா என்பதை மறுபடியும் கேளுங்கள். சமைக்கும்போது எளிதில் பிசகாதது எலுமிச்சை சாதம்.

நான்கு பேருக்கு, அவர்கள் கோப்பையில் (240 மில்லி) அரிசி 2, தண்ணீர் 4. நீளமான அரிசியாக இருந்தால் சாதத்தைத் தட்டில் பரப்பி ஆறவிடுங்கள். எண்ணெய் 3 மேசைக்கரண்டி, கடுகு 1 தேக்கரண்டி, கடலைப்பருப்பு, உளுத்தம்பருப்பு தலா 1 மேசைக்கரண்டி, வேர்க்கடலை கால் கோப்பை, மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி, காய்ந்த மிளகாய் இரண்டு. அங்கே எலுமிச்சை நம்முடையதைவிடப் பெரியது, இரண்டு போதும். அடுப்பை அணைத்த பிறகே சாற்றைச் சேருங்கள், கொதித்தால் கசக்கும்.

அபாயம் தாளிப்பில். வீட்டுக் கூரையில் புகை எச்சரிக்கைக் கருவி இருக்கும். மிளகாய் கருகிய புகை போதும், அலறத் தொடங்கும். பல வீடுகளில் ஒன்று அலறினால் எல்லாம் அலறும். ஆகவே முதலில் அடுப்புக்கு மேலுள்ள விசிறியைப் போட்டு, ஒரு சன்னலைத் திறந்து, மிதமான சூட்டில் தாளியுங்கள். மின் அடுப்பு அணைத்த பிறகும் பல நிமிடம் சுடும், பாத்திரத்தை உடனே தள்ளி வையுங்கள். மிளகாயைக் கடைசியில் போடுங்கள். மஞ்சள்தூள் வெள்ளை மேடையில் சிந்தினால் அந்த நொடியே துடையுங்கள். காய்ந்தால் போகாது.

பாத்திரம் துலக்கும் இயந்திரத்தில் கையால் துலக்கும் சோப்பு நீரை ஊற்றிவிடாதீர்கள், நுரை பொங்கித் தரையெல்லாம் ஓடும். கழுவுதொட்டியில் அரைக்கும் இயந்திரம் இருந்தாலும் மிஞ்சிய சோற்றை அதில் தள்ள வேண்டாம். உப்பிக் குழாயில் உட்கார்ந்துகொள்ளும்.

பகல் பொழுது

வீட்டுக்காரருக்கு வேலை இருக்கும். உங்களை ஊர் சுற்றிக்காட்ட வேண்டியது அவர் கடமை அல்ல. பல்கலைக்கழகத்தின் கலை அருங்காட்சியகமும் கெல்சி தொல்பொருள் அருங்காட்சியகமும் இலவசம். மிச்சிகன் யூனியன் கட்டடத்துப் படியில் ஒரு நினைவுப் பதக்கம் பதிக்கப்பட்டிருக்கிறது. 1960 அக்டோபர் 14 அதிகாலை 2 மணிக்கு, காத்திருந்த மாணவர் கூட்டத்திடம் கென்னடி பேசிய இடம். பீஸ் கோர் என்னும் தொண்டர் படையின் விதை அந்தப் பேச்சு. தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் அந்தத் தொண்டர்கள் பணிசெய்தார்கள் என்பதால் நம்மவர் நின்று பார்க்க வேண்டிய படி அது.

அங்கிருந்து டயாக் என்ற நடுச்சதுக்கத்துக்கு நடந்தால் தரையில் பித்தளையில் பதித்த 'எம்' எழுத்து. முதல் தேர்வுக்கு முன் அதை மிதித்த மாணவர் தோற்பார் என்பது வழக்குச் சொல். கூட்டமாக நடந்து வரும் மாணவர்கள் அந்த இடத்தில் மட்டும் தண்ணீர் பிரிவதுபோலப் பிரிந்து போவதைச் சற்று நின்று பாருங்கள். சனிக்கிழமை காலையில் கெர்ரிடவுனில் உழவர் சந்தை. அருகிலேயே 1982-ல் தொடங்கிய சிங்கர்மேன்ஸ் கடை. ஒரு சாண்ட்விச் விலை அதிகம், அளவு பெரிது, இருவர் பங்கிடலாம்.

கடைசிப் படி: கிளம்புவது

முந்தின இரவே கேளுங்கள்: படுக்கை விரிப்பைக் கழற்றிச் சலவைக் கூடையில் போடவா, அப்படியே விடவா? பெரும்பாலும் கழற்றச் சொல்வார்கள். தொட்டித் துளையில் சிக்கிய முடியை எடுங்கள், சாவியைக் கையில் கொடுங்கள், இல்லையென்றால் வைத்த இடத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். கையால் எழுதிய நன்றி அட்டை ஒன்றைச் சமையல் மேடையில் வைத்துவிட்டுப் போவது அங்கே நல்ல பழக்கம். ஒரு வரி தமிழில் எழுதிக் கீழே பொருளைச் சொல்லுங்கள், பல காலம் ஃபிரிட்ஜ் கதவில் இருக்கும்.

வலையமைப்பில் அவரைப் பற்றிய குறிப்பை ஒரு வாரத்துக்குள் எழுதிவிடுங்கள். வீடு எங்கே, படுக்கை எப்படி, பூனை உண்டா, பேருந்து நிறுத்தம் எவ்வளவு தூரம் என்று அடுத்து வருகிறவருக்குப் பயன்படும்படி எழுதுங்கள். ஏதேனும் சரியில்லாமல் நடந்திருந்தால் அதையும் உள்ளபடி எழுதுங்கள். அடுத்து அந்தக் கதவைத் தட்டப்போகிறவர் உங்கள் குறிப்பைப் படித்துத்தான் முடிவெடுப்பார்.